லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

செப். 30, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிய மழை அடையாறு பக்கம் போய்விட்டது. நாளை ஆயுத பூஜை. ஒட்டடை, அலமாரி, ஃபேன் முடிந்தது. மிக்ஸி பாக்கி. காலாண்டு விடைத்தாள் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. டீச்சருக்கு லீவு விடுவதே தாள் திருத்தத்தான்.

வாங்க வேண்டியது: பொரி, உடைத்த கடலை, பூசணிக்காய் (சின்னது போதும்), வாழைக்கன்று, சந்தனம். மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. பொம்மைக் கடைக்காரர் ஒருவர் ஒரு அம்மாவிடம், "பேரம் பேசினா பிள்ளையாருக்குக் கோவம் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பேசத்தான் செய்தாள்.

வித்யாவின் லேப்டாப்பை நானே துடைத்தேன். தி. நகர் நகைக்கடை ஒன்றில் டிசைன் போடுகிறாள் என் மகள். ஆரம், ஜிமிக்கி, வங்கி எல்லாம் திரை மேலேயே பேனாவால் வரைவாள். கனமே இல்லாத மெல்லிசு. நான் வைத்த பெயர் அப்பளம். திரையைப் பின்பக்கமாக முழுதும் திருப்பலாம், சிலேட்டு மாதிரி கையில் பிடிக்கலாம். பாதி மடக்கிக் கூடாரம் போல் நிறுத்தினால் சமையல் மேடையில் சமர்த்தாக நின்று சீரியல் காட்டும். என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ரிப்போர்ட் கார்டில் எழுதுவேன்: கெட்டிக்காரன், சொன்னபடி வளைவான், உடம்புதான் பூஞ்சை.

மும்பையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய நகை கம்பெனி. திங்கட்கிழமைக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இன்றும் கேட்டாள், "நீ என்னம்மா சொல்ற?" என்று.

"உன் இஷ்டம்டி."

ஒரு வாரமாக இதே பதில்தான். அவர் போன பிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். போ என்று சொல்ல வாய் வரவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை.

மிக்ஸி நாளை காலை.


அக். 1, புதன், ஆயுத பூஜை

வெயில். தெருவில் எல்லா ஆட்டோவிலும் வாழைக்கன்று. எதிர்வீட்டு மாலதி தன் ஸ்கூட்டிக்கு மாலை போட்டிருக்கிறாள், மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

வி. கடை பூஜைக்குப் போக வேண்டும். பட்டுப்புடவை, ஒரே பரபரப்பு. கிளம்பும்போது அப்பளத்தைத் தானே கூடாரமாக மடக்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஏற்கெனவே அங்கே அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் சிவப்புப் பேனா, விடைத்தாள் கட்டு.

"பொட்டு வச்சு ஆரத்தி காட்டிடும்மா. ஆட்டோ வந்துடுச்சு."

எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். அப்பளம் திரையை முன்னால் காட்டிக்கொண்டு நின்றது. அணைக்காமல் போயிருக்கிறாள். மும்பைக்கு எழுதிய மெயில் திறந்தபடி இருந்தது. சொந்தக் காரணங்களால் வேலையில் சேர இயலவில்லை, மன்னிக்கவும், என்று ஆங்கிலத்தில். அனுப்பவில்லை. எழுதி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

சாமி படத்துக்கு வைப்பது போல நாலு மூலையிலும் பொட்டு வைத்தேன். கை பழக்கம். இடது கீழ் மூலையில், அனுப்பும் பொத்தான் இருந்த இடத்தில், மோதிர விரலை அழுத்தினேன், மெயில் காணாமல் போனது. போய்விட்டது! கீழே ஏதோ ஒரு பட்டை வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, மறைந்தது. தொடுதிரைக்குச் சந்தனமும் தெரியாது குங்குமமும் தெரியாது. விரல்தான் தெரியும்.

பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை தொடக்கூடாது. தொடவில்லை. கற்பூரம் காட்டினேன்.

சாயங்காலம் வி. வந்து பொரி சாப்பிட்டாள். கடையில் கொடுத்த லட்டு டப்பாவைப் பிரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று.


அக். 2, வியாழன்

விஜயதசமி. காலையில் தூறல். சுண்டல், கொஞ்சம் உப்பு தூக்கல்.

மறுபூஜை முடிந்ததும் வழக்கப்படி ஒரு வரியாவது படிக்க வேண்டும். நான் நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். அவள் அப்பளத்தை எடுத்தாள்.

"அம்மா!"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"மும்பைக்கு மெயில் போயிருக்கும்மா! நான் அனுப்பவே இல்ல. நீ உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சொன்ன கடுப்புல எழுதி வச்சது அது."

அவர்கள் பதிலும் வந்திருக்கிறது. வருத்தமாம். மனம் மாறினால் திங்கட்கிழமைக்குள் எழுதலாமாம், அதற்கப்புறம் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

"எப்படிடி போச்சு?" என்று கேட்டேன். கேட்டேனே! என் வாயால்.

"நான் கிளம்புன நேரந்தான் காட்டுது. மடக்கி வைக்கும்போது உள்ளங்கை பட்டிருக்கும். இந்தச் சனியன்ல எங்க புடிச்சாலும் திரைதான்."

அப்பளத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சாமி படத்தைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று.

"பூஜைல வச்ச எடத்துலேர்ந்து போயிருக்கு பாரேன். போகவேண்டாம்னு சரஸ்வதியே அனுப்பிட்டா போல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முதலில் அப்பளத்தின் மேல் பழி, இப்போது சரஸ்வதி மேல். இரண்டுக்கும் வாய் கிடையாது.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. இங்கேயே இருப்பாள். மத்தியானம் இரண்டாம் முறை ரசம் போட்டுச் சாப்பிட்டேன்.


அக். 3, வெள்ளி

தாள் திருத்தம் ஓடவில்லை. ஒரு பயல் 'நீர்வாழ் விலங்குகள்' என்பதற்கு எருமை என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் கொடுத்தேன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அப்பளத்தை விற்கப் போகிறாளாம். காலையிலிருந்து அதன் மேல் குற்றப்பத்திரிகை. மடியில் வைத்தால் தொடை சுடுகிறது. பென்டிரைவ் செருக ஓட்டை இல்லை, அதற்குத் தனியாக ஒரு வால் வாங்க வேண்டும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் திரையில் வேலை தெரியாது, சொந்த மூஞ்சிதான் தெரியும். எங்கே பார்த்தாலும் கைரேகை. சிலேட்டாகப் பிடித்தால் அரைமணியில் மணிக்கட்டு வலிக்கிறது. எல்லாம் உண்மை.

நான் வக்கீலாகிவிட்டேன். உன் ஜிமிக்கி டிசைனை வாடிக்கையாளர் முன்னால் அப்படியே திருப்பிக் காட்டினாயே, அந்த அம்மாவே விரலால் தொட்டு இந்தக் கல் பச்சை, இந்தக் கல் சிவப்பு என்று சொன்னாளே, வேறு எதில் முடியும்? பேனா பிடித்து வரைந்தால் காகிதத்தில் வரைவது போலவே இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் நசுங்காமல் வருகிறாயே?

"உனக்கு ஏம்மா அது மேல இவ்ளோ பாசம்?" என்றாள்.

விடைத்தாள் கட்டை இழுத்துக்கொண்டேன். இங்கே சொல்கிறேன். புதன்கிழமை எழுதியது முழு உண்மை இல்லை. கீழே வந்தது 'ஏதோ ஒரு பட்டை' இல்லை. நான் படித்தேன். மெயில் போய்விட்டது என்று போட்டு, பக்கத்திலேயே 'அண்டூ' என்று இருந்தது. இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதா? இன்னொரு தடவை விரலை வைத்திருந்தால் திரும்பி வந்திருக்கும். கை குங்குமத் தட்டில்தான் இருந்தது. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அது மறையும் வரை நின்றேன்.

அப்புறம் ஈரத்துணி எடுத்துத் திரையிலிருந்த பொட்டை எல்லாம் துடைத்து, மேல்மூடியில் புதிதாக வைத்தேன். துடைக்கத் தொடலாமாம். திருப்பி எடுக்கத் தொடக்கூடாதாம். நல்ல சாஸ்திரம்.

கை பட்டது தற்செயல். மற்றது இல்லை.


அக். 4, சனி

மத்தியானம் அனல். அவள் கூப்பிட்டாள், போனேன். பாண்டி பஜார் பின்னால் சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை. பாய் ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு.

வழியில் ஆட்டோவில் சொன்னாள். "திரை தானா அமுங்குதான்னு பாக்கச் சொல்றேன். மிஷின் கோளாறுன்னா மும்பைக்கு எழுதி, தப்பா போயிடுச்சுன்னு கேப்பேன். கோளாறு இல்லன்னா சாமி விட்ட வழி. விட்டுடுவேன்."

ஆக, எல்லாம் பாய் வாயில் இருக்கிறது. நான் வேண்டிக்கொண்டேன். எது வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

"இன்னாமா பிராப்ளம்?"

"தானா மெயில் அனுப்பிடுச்சு பாய்."

திரை முழுதும் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். மேலிருந்து கீழ், குறுக்கே, மூலை மூலையாக. கோடு எங்கேயும் அறுபடவில்லை. பேசாமல் விட்டுவிட்டும் பார்த்தார். ஒரு புள்ளி தானாக விழவில்லை.

"நல்லாத்தான் கீது. உள்ள அல்லாத்தையும் ஒட்டி வச்சிட்டானுங்கோ, ஒண்ணு போனா அல்லாமே போச்சு, அதான் இதுல கஷ்டம். ஆனா டச்சு கரெக்டா கீது. யார்னா தொட்டாத்தான் போவும்மா."

"நான் மடக்கறப்ப கை பட்டிருக்குமா?"

"பட்டிருக்கும், படாமயும் இருந்திருக்கும். அத்த நான் எப்டி சொல்ல முடியும்?"

வித்யா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, கோளாறு இல்ல" என்றாள். முகத்தில் ஒரு தெளிவு. நான் கீழே கிடந்த ஒயர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் காசு வாங்கவில்லை. வரும் வழியில் அவள் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள், இஞ்சி போட்டு. பாதிக்கு மேல் அவளிடமே கொடுத்துவிட்டேன்.


அக். 5, ஞாயிறு

மழை, ஒருவழியாக. மொட்டை மாடித் துணி எல்லாம் நனைந்தது.

சாயங்காலம் கபாலி கோயில். வித்யாதான் அம்பாளுக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றாள். நல்ல வழி காட்டியதற்கு நன்றியாம். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னாள். பிறகு என் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு அத்தனை பக்தியாக நின்றாள். அவள் இப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கையைக் கூப்பவே முடியவில்லை.

வெளியே வந்து செருப்பு விடும் இடத்தில் டோக்கனை நீட்டினேன். சொல்லிவிட்டேன். அங்கேயே, அந்தக் கூட்டத்தில்.

"அது சரஸ்வதி இல்லடி. நான்தான். பொட்டு வைக்கும்போது கை பட்டுது. திருப்பி எடுக்கலாம்னு திரையில காட்டுச்சு. எடுக்கல."

அவள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதில் கால் வைக்காமல் நின்றாள்.

"தெரிஞ்சே எடுக்கலையா?"

"தெரிஞ்சே."

செருப்பு பார்த்துக்கொள்ளும் ஆள், "யம்மா, சைடு வாங்க, பின்னால ஆள் நிக்கிறாங்கோ" என்றார். நகர்ந்தோம். வீடு வரை அவள் முன்னால், நான் பின்னால். வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோசை வார்த்து வைத்தேன். ஆறிப்போனது. நானும் சாப்பிடவில்லை.


அக். 6, திங்கள்

பள்ளி திறப்பு. பஸ்ஸில் நசுங்கல். விடைத்தாள் கொடுத்தேன். எருமைப் பயல் அரை மதிப்பெண்ணுக்கு நன்றி சொன்னான். நாள் முழுதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறாள். காலையிலேயே மும்பைக்கு எழுதிவிட்டாளாம், தவறுதலாகப் போய்விட்டது, சேர விருப்பம் என்று. மத்தியானம் பதில். தீபாவளி முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சந்தோஷம்" என்றேன். பிறகு, "என்னை மன்னிச்சுடு" என்றேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றன.

"கை பட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. திருப்பி எடுக்காம நின்ன பாரு, அதுக்குக்கூட ராத்திரியோட கோவம் போயிடுச்சு. போகாதடின்னு வாயத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா போக மாட்டியா?"

"போயிருப்பேன். சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்."

புடவைகூட மாற்றவில்லை நான். கைப்பை தோளிலேயே இருந்தது. "போகாதடி" என்றேன். குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று நினைக்கவில்லை. உன் அப்பா போன பிறகு நான் யாரோடு பேசுவேன், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், மும்பையில் உனக்கு என்ன வைத்திருக்கிறது, எல்லாம் வந்தது. அவளும் விடவில்லை. உன் பயத்தை என் தலையில கட்டாத, மூணு வருஷமா ஒரே ஜிமிக்கியை மாத்தி மாத்தி வரையறேன், எனக்கு மூச்சு முட்டுது, என்று கத்தினாள்.

மாலதி கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். "டீச்சர், ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள் வித்யா. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம், விட்ட எடத்துலேர்ந்து சொல்லு."