மூடி திறக்காமலே

3 பிப்ரவரி 2025, திங்கள். சிதம்பரம்

போன ஆண்டு நரம்பு நோய் வந்து படுத்து எழுந்ததிலிருந்து இரண்டு கையிலும் பிடிமானம் இல்லை. இதைக்கூடப் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன். ஆனாலும் வேலை இருக்கிறது. கடலூர் டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். எதிரே பெரிய மானிட்டர், பக்கத்தில் மூடியபடி லேப்டாப். நான் சொல்வதை எழுதிக்கொள்கிறது.

ஒரே தொல்லை கரண்ட். லேப்டாப் பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து பட்டனை அமுக்க எதிர்வீட்டு சந்திரலேகா அக்கா ஓடி வர வேண்டும்.

6 பிப்ரவரி, வியாழன்

இன்று அக்கா பெண்ணாடம் போயிருந்தார். பத்து மணிக்குக் கரண்ட் போய் வந்தது. மணிக்கட்டால் மூடியை நெம்பினேன். தாடையைக் கொடுத்துத் தூக்கினேன். லேப்டாப் மொத்தமாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. பயந்து விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, நெல்லிக்குப்பம் சடையப்பன் ஐயா என் சொந்த நம்பருக்கே கூப்பிட்டார். "மூச்சு வாங்குதும்மா. நாளைக்கி வரைக்கும் தாங்காது போல. இன்னிக்கே எடம் இருக்கா பாரு." பார்க்க முடிந்தால்தானே! மையத்தில் நர்ஸ் போனை எடுக்க அரை மணி ஆனது. நல்லவேளை, இடம் கிடைத்தது. அந்த அரை மணி நேரம் அவர் மூச்சு என் காதிலேயே இருந்தது.

வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரை அழைத்தேன். அவர் வேலை செய்யும் சர்க்கரை ஆலையில் இது கரும்பு அரைவை நேரம். நெல்லிக்குப்பத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பைக்கில் வந்து, ஒரு பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். இது மூன்றாவது தடவை. "காத்து வாங்கிட்டு வந்தேன்னு வச்சிக்க" என்று சிரிக்கிறார்.

எனக்கு சிரிப்பு வரல. எனக்காக இன்னும் எத்தன பேரு ஓடணும்? வேலைய விட்டுட்டா என்ன?

7 பிப்ரவரி

மையத்தின் கம்ப்யூட்டர் ஆள் ராபர்ட்டிடம், வேலையை விடுகிறேன், மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"லேப்டாப்ப ஏன் மேடம் தொறக்கறீங்க? டாக்லயே பட்டன் இருக்குமே?"

டாக் என்பது லேப்டாப், மானிட்டர், கரண்ட் ஒயர் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டி. என்னுடையதில் பட்டனே இல்லை.

"அப்ப அது வேற கம்பெனி டாக்கு. நாளைக்கி நானே வரேன். வேலைய விடாதீங்க."

8 பிப்ரவரி, சனி

ராபர்ட்டுக்கு இன்று விடுமுறை. கடலூரிலிருந்து பஸ் ஏறி, பையில் வேறொரு டாக்கோடு வந்தார். அதன் தலையில் வட்டமாக ஒரு பட்டன்.

"அமுக்குங்க மேடம்."

விரல் முட்டியால் அமுக்கினேன். ஒன்றுமில்லை.

அவர் அசரவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஏதோ மாற்றினார். "மூடியிருந்தாலும் தூங்காதேன்னு சொல்லிட்டேன்." டாக்கின் ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பிலேயே பக்கத்து ஓட்டையில் சொருகினார். "இதுல குடுத்தாதான் பட்டன் பேச்ச கேக்கும்." பிறகு எல்லாவற்றையும் அணைத்து, மூடியை அழுத்தி மூடினார்.

"இப்ப."

அமுக்கினேன். பட்டனைச் சுற்றி வெள்ளை வெளிச்சம். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது— இருந்தது— பிறகு மலர்ந்தது. லேப்டாப் மூடியே கிடந்தது.

அழுதுவிட்டேன். ராபர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு டீயைக் குடித்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "சாயந்திரம் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆண்டுவிழா மேடம். லேட்டா போனா பேச மாட்டா." அப்படிப்பட்ட நாளில் வந்திருக்கிறார். எப்படி நன்றி சொல்வது?

10 பிப்ரவரி

கரண்ட் போனது. வந்தது. அமுக்கினேன். வந்தது.

21 பிப்ரவரி, வெள்ளி

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று கேட்டார்.

"இன்னிக்கும் கரண்ட் போவலியா?"

"ரெண்டு தடவ போச்சு மாமா."

"எனக்கு போனே வரல?"

"எதுக்கு? அதான் பட்டன் இருக்குல்ல."

ஆலையில் இத்தனை நாளும் அரை மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்ப்பாராம். இன்று சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த நினைப்பே வந்ததாம். அதைத் தப்பு செய்தவர் மாதிரி சொன்னார்.

டீ குடித்தவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். மணி ஏழுகூட ஆகவில்லை. எழுப்பவில்லை.