கத்தரிக்காய்க்குப் பின்னால் இருந்த வாளி

பாப்பாவுக்கு,

அந்த இணையத் தோட்டக் குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். இனி நீ தைரியமாகத் திரும்பிப் போகலாம்.

ஒருவர் காய் பறித்துப் படம் போட்டால் இன்னொருவர் அதைப் பார்த்து வரைந்து போடுவது அங்கே வழக்கம். அப்பா என்று வந்தால் நீ பேசமாட்டாய். அதனால்தான் 'மாடித்தோட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு சேர்ந்தேன். நீயாகவே என்னைப் பெண் என்று நினைத்துக்கொண்டாய்.

"அக்கா, உங்க கத்தரிக்கா கண்ணுலயே நிக்குது! எப்படிக்கா இப்படி வளர்க்கிறீங்க?" என்று கேட்டாய். வீட்டை விட்டுப் போனபின் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மண்ணையும் எருவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

கடைசிப் படத்தில் அம்மாவின் நீல வாளி பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. என் கோபத்தில் அதன் விளிம்பு எப்படி உடைந்தது என்று உனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டாம்.

கத்தரிக்காயைக் காம்பிலுள்ள முள் வரைக்கும் வரைந்திருந்தாய். வாளி இருந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாய். மறுநாள் நீ குழுவில் இல்லை.

"நல்லா வரையிற அந்தப் பொண்ண எங்க காணோம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். வேலை அதிகமாம் என்று சொல்லிவைத்தேன்.

நானே வரைந்து பார்த்தேன். கத்தரிக்காய் செத்த எலி மாதிரி வந்தது. வாளி மட்டும் அந்த உடைசலோடு அச்சு அசலாக வந்துவிட்டது.

பதில் போடமாட்டாய், தெரியும். தப்பித்தவறிப் போட்டால், அக்கா என்றே எழுது.

அப்பா