ஃபாரின் ஒரே ஸ்டேஷன் தூரம்

அக்கா,

நேற்று சாயங்காலம் உன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: உன் மகள் ஜெனி, அவள் புருஷன், நான். சுவரில் மாலையோடு நீ. ஆக நாலு பேர். உண்மை தெரிந்தவர்கள் அதில் இரண்டே பேர். அந்த இரண்டில் ஒருத்தி போட்டோவில் இருந்தாள்.

ஜெனி உன் பீரோவின் மேல் தட்டிலிருந்து நீலத் தகர டப்பாவை இறக்கினாள். மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஸ்பூன் வைத்து நெம்பினார். திறந்ததும் வந்ததே அந்த வாசனை! அன்னப்பறவை படம் போட்ட சோப்பு. சோப்பு கரைந்து பதினெட்டு வருஷம் இருக்கும். வெறும் உறைதான் உள்ளே. அதற்கே நம் தெருவின் மீன் கவிச்சியும் கன்டெய்னர் லாரிப் புகையும் ஒதுங்கி வழி விட்டன. நான் சட்டென்று எட்டிப் பார்த்தேன். வாசனைக்காக இல்லை. அதையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டதாக நீ என்னிடம் சொல்லியிருந்தாய்.

"அம்மா ஒண்ணு விடாம வெச்சிருக்காங்க சித்தி," என்று ஜெனி பாயில் பரப்பினாள். சோப்பு உறைகள், சாக்லெட் தாள்கள், பால் பவுடர் டப்பாவின் லேபிள். கூடவே எட்டுச் சீட்டுகள். எட்டு கிறிஸ்துமஸுக்கு அவள் அப்பா அனுப்பிய எட்டுப் பார்சல்களில் இருந்தவை.

அப்படித்தான் அவள் நம்புகிறாள்.

அவர் கப்பல் வேலைக்குப் போகும்போது ஜெனிக்கு நாலு வயசு. முதல் வருஷம் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் வந்தது அவரோடு வேலை செய்த ஆள்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார், அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிவிட்டார், அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் ஆகிவிட்டது என்று. ஊர் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "ஊர் பேரு வாணாம் நைனா. தெரிஞ்சா போவத் தோணும்." அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினாய். அவர் தெரு முனை திரும்பிய பிறகு என்னிடம் கேட்டாய்: "கிறிஸ்துமஸ் வருதே, கொயந்தைக்கு இன்னாடி சொல்றது?"

ராயபுரத்தில் ரயில் ஏறினால் பீச் அடுத்த ஸ்டேஷன். இறங்கினால் ஃபாரின் சாமான் விற்கிற பர்மா பஜார். "பாத்தியா, ஃபாரின் ஒரே ஸ்டேஷன் தூரம்தான்," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைக்காரரிடம் நான், "இது எந்த நாட்டு சோப்புங்க?" என்று கேட்டேன். "ஃபாரின்தாங்க்கா," என்றார். நமக்கு அது போதுமாக இருந்தது. ஃபாரின் என்பது நமக்கு ஒரே ஊர். அந்த ஊரில் எல்லோரும் ஒரே சோப்பைப் போட்டுக் குளித்து, ஒரே சாக்லெட்டைத் தின்று, ஒரே வாசனையோடு திரிவார்கள் என்று நினைத்தோம். எட்டு வருஷமும் அதே கடை. கொடுத்ததை அப்படியே வாங்கவில்லை, மோந்து பார்த்து வாங்கினோம். அன்னம் போட்ட சோப்பு உனக்குப் பிடித்துப்போனது. "அந்தாளு வாசனை மாதிரியே கீதுடி," என்றாய் ஒரு முறை. பிறகு அதைச் சொல்லவேயில்லை.

சீட்டு எழுதியது நான். அவருடைய தமிழ்க் கையெழுத்து பழைய கடிதங்களில் வீட்டிலேயே இருந்தது, மாட்டிக்கொள்வோம். அதனால் இங்கிலீஷ். ஏழாவதோடு நின்றவள் நான். என் இங்கிலீஷெல்லாம் மளிகைப் பொட்டலத்திலும் சோப்பு உறையிலும் எழுத்துக் கூட்டிக் கற்றது. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்று நமக்கென்ன தெரியும்? ஜெனியின் பள்ளிக்கூட அட்லஸைத் திறந்து, கடலோரமாக விரல் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு வருஷம் பிரேசில். ஒரு வருஷம் நார்வே. போட்டது திரும்ப வரக் கூடாது என்று எந்தப் பார்சலில் என்ன வைத்தோம், என்ன ஊர் போட்டோம் என்பதை என் நோட்டில் வரிசையாக எழுதி வைத்தேன். என் புத்தி அப்படி.

பால் பவுடர் வாங்கிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? டப்பாவில் மாட்டுப் படம். பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக ‘சுசு’ என்று போட்டிருந்தது. தினமும் பால் குடி என்று எழுதச் சொன்னாய். நான் ‘டெய்லி ட்ரிங்க் சுசு’ என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடி இது? பெத்த பொண்ண சுசு குடிக்கச் சொல்லுவாரா ஒரு அப்பன்?"

"மில்க்குன்றது நம்ம ஊர் இங்கிலீஷ் அக்கா. ஃபாரின்ல பாலுக்கு இதான் பேரு. பாரு, மாடு கூட போட்டுக்கீது."

"மாடு சுசுவும்தான்டி போவும்!"

அந்தச் சீட்டைத்தான் நேற்று ஜெனி கையில் எடுத்தாள்.

அவள் வேலை என்ன என்று உனக்கு எத்தனையோ தடவை விளக்கினாள், நமக்கு இரண்டு பேருக்குமே புரிந்ததில்லை. நேற்றுதான் எனக்குப் புரிந்தது. எந்த நாட்டுக்காரர் எந்தச் சோப்பு, எந்தப் பற்பசை, எந்த பிஸ்கட்டை விரும்பி வாங்குகிறார் என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒரு நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர் அடுத்த நாட்டில் யாருக்கும் தெரியாதாம். சோப்புக்கும் ஊர் உண்டாம், அக்கா. "இந்த அன்னம் மலேசியாவ விட்டு வெளிய ஓடாது சித்தி. இந்த சாக்லெட்டும் அங்கதான். எல்லாமே அங்கதான்," என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். ஒரே கடைக்காரர், அவருக்குச் சரக்கு ஒரே நாட்டிலிருந்து வந்திருக்கிறது. நமக்கு ஃபாரின், அவளுக்கு முகவரி.

"அப்பா சீட்டுல பிரேசில், நார்வேன்னு எழுதிருக்காரு. ஆனா வாங்கினது எல்லாம் ஒரே எடத்துல. ஏன் மறைச்சாருன்னு தெரியல. இதப் பாருங்க. சுசுன்னா மலாய்ல பால். இங்கிலீஷ் எழுதும்போது தன்னை அறியாமலே அந்த ஊர் வார்த்தை வந்துருக்கு. அங்கயே வாழ்ந்த ஆளுக்குத்தான் அப்படி வரும்."

மாப்பிள்ளை, "எனக்கே உடம்பு சிலுத்துப்போச்சு ஆன்ட்டி," என்றார். எனக்கு என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள் பூசை. அன்று மத்தியானமே ஜெனிக்கு விமானம். சம்பளமில்லாத லீவு ஒரு மாசம் போட்டிருக்கிறாள். அங்கே துறைமுகம் துறைமுகமாக, கோயில் கோயிலாக அவர் போட்டோவைக் காட்டி விசாரிக்கப் போகிறாளாம். உன்னை அடக்கம் பண்ணிய பிறகு நேற்றுத்தான் அவள் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். அந்த வெளிச்சம் என் தப்பு இங்கிலீஷிலிருந்து வந்தது. நானும் நீயும் பர்மா பஜாரில் மோந்து பார்த்து வாங்கிய சோப்பை முகர்ந்துகொண்டு அந்தப் பெண், இல்லாத அப்பனைத் தெரியாத தேசத்தில் தேடப் போகிறாள்.

சொல்லிவிடலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. எப்படிச் சொல்ல? கப்பல் ஆள் வந்துபோன மறுநாள் காலை என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாய். மாதா சொரூபத்துக்கு எதிரில், என் கையில் எரிகிற மெழுகுவத்தியைக் கொடுத்து, "சொல்லு," என்றாய். நீ சொல்லிக் கொடுத்த வார்த்தையைத்தான் நானும் சொன்னேன்: "நீ சொல்லுன்னு சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்." மெழுகு விரலில் வழிந்தது, கையை எடுக்கவிடவில்லை நீ. சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கலாம். அவர் நல்லவர், ஒரே நிமிஷத்தில் என்னை விடுவித்துவிடுவார். அதனால்தான் போகவில்லை. நான் வாக்குக் கொடுத்தது அவருக்கு இல்லையே.

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினேன். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் உன் வாயைப் பார்த்தேன், இப்போது சொல்லுவாய் என்று. ஒரு தடவை கண்ணைத் திறந்தாய். "மீன் கொயம்ப மூடி வெச்சியா?" என்று கேட்டாய். அதோடு சரி. குழம்பைத்தானே கேட்டாய், அக்கா?

என் வாசலும் உன் வாசலும் எதிரெதிர். கதவைத் திறந்தால் ஜெனி நிற்கிறாள். ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போட்டபடி கையசைக்கிறாள். இன்று காலை ஒரு தாளும் பேனாவுமாக வந்தாள். அப்பாவின் முழுப் பெயர், அடையாளமெல்லாம் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டுமாம். "உங்களுக்குத்தான் சித்தி எல்லாம் கரெக்டா ஞாபகம் இருக்கும்." கண்ணாடி காணவில்லை என்றேன். "தலை மேல கீது பாருங்க," என்று, உன்னை மாதிரியே சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை நடுங்குகிறது என்றேன். அது பொய்யில்லை. என் ‘ஜே’ எழுத்தின் வால் தூண்டில் முள் மாதிரி வளையும். எட்டுச் சீட்டிலும் அப்படித்தான் வளைந்திருக்கிறது. கடைசியில் மாப்பிள்ளைதான் எழுதினார், நான் வாயால் சொல்லச் சொல்ல. அவள் அப்பாவின் உயரம், கன்னத்து மச்சம், எல்லாம் சரியாகவே சொன்னேன். பொய்க்குத் துணையாக எத்தனை உண்மை சொல்கிறேன் பார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது கிறிஸ்துமஸுக்கு நான் முன்கூட்டியே சீட்டு எழுதிவிட்டேன். ஊர் எகிப்து. நீ, "போதும்டி. பொண்ணு வளந்துட்டா, கையெயுத்தப் பாத்தே புடிச்சிருவா," என்று நிறுத்திவிட்டாய். அந்தச் சீட்டை எறிய மனசு வரவில்லை. என் ஜெபப் புத்தகத்தில், மரித்தோருக்கான மன்றாட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் உனக்காக அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன், தினமும் அதுதான் முதலில் கையில் தட்டுப்படுகிறது.

அதை ஜெனி கையில் கொடுத்தால் நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. ‘ஜே’யின் வாலைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அப்பா செத்துப்போவார், ஒருவேளை நானும். ஆனால் அந்த எட்டுப் பார்சலும் யார் அனுப்பியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் தேடிப் போகிற அன்பு மலேசியாவில் இல்லை, இந்த ராயபுரத்துச் சந்தில், ஒரே ஸ்டேஷன் தூரத்தில் இருந்தது என்பதும்.

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். கொடுப்பது சொல்வதில் சேருமா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை மணி அடிப்பதற்குள் எப்படியாவது பதில் சொல், அக்கா.