அடித்தட்டில் இருந்த கணக்கு

1975 ஜூலை 6, ஞாயிறு

பச்சைப் பொம்மை லாரியின் முன்கண்ணாடி மறுபடியும் கழன்றுவிட்டது. கண்ணாடி என்று சொல்கிறேனே தவிர, பிளாஸ்டிக்தான். கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா அனுப்பிய பதின்மூன்று வண்டிகளில் ஒன்பதில் ஏதாவது ஒன்று ஆடுகிறது. உலோக உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. பம்பர், சீட், ஸ்டியரிங் எல்லாம் விழப்போகும் பால்பல் மாதிரி இருக்கின்றன. இந்தச் சேரங்கோட்டு மலை ஈரத்தில் எந்தப் பசைதான் நிற்கும்?

இன்று கண்டுபிடித்தது: குழாய்ப் பசையைக் கண்ணாடிக்குப் போடக்கூடாது, பனி பிடித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முளையின் தலையில் சுட்ட ஊசியை வைத்து அழுத்தினால் முளை உருகிப் பரந்து தானே பிடித்துக்கொள்கிறது!

அம்மா: “ஏண்டி தங்கமணி, ஊட்ல இருக்கற ஊசியெல்லாம் இப்படிக் கருக்கிப்போட்டீன்னா, உன் பாவாடையை எதுல தைக்கறது? உன் மூக்குலயா?”

ஜூலை 9, புதன்

அம்மா ஊசிப் பெட்டியை ஒளித்துவிட்டாள். என்னிடம் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

ஜூலை 11, வெள்ளி

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் வேலாயி ஒரு சிவப்பு பஸ் கொண்டுவந்தாள். போன வருடம் சிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கே துரை பங்களாவில் அவள் அம்மா ஆயாவாக இருந்தபோது கிடைத்த பஸ்ஸாம்.

“சில்லு கழண்டு கழண்டு விழுதுடி. சரியாக்கித் தாறியா?”

நான் உடைந்த சில்லைத் தேடினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கே சக்கரத்துக்குத்தான் சில்லு என்று பெயர்! இனி அவள் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜூலை 13, ஞாயிறு

பஸ் முடிந்தது. சக்கரங்களின் அச்சைத் தாங்குவது பிளாஸ்டிக் அடித்தட்டு. அதன் இரண்டு முளைகளும் தேய்ந்திருந்தன. ஊசி வைத்தேன். இப்போது மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது.

அடித்தட்டு முழுவதும் யாரோ கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருந்தார்கள். படிக்க முடிந்தது ஒரே வார்த்தை, ‘கணக்கு’. பாவம், எந்தக் குழந்தையின் வீட்டுப்பாடமோ! நூலகத்தில் எடுத்த பழுது பார்க்கும் புத்தகத்தில் போட்டிருக்கிறது: பழுது பார்ப்பவர் வாங்கியதைவிட நல்ல நிலையில் பொருளைத் திருப்பித் தரவேண்டும். உப்புத்தாளும் பல்பொடியும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம். வேலாயி அசந்துபோவாள்.

ஜூலை 14, திங்கள்

வேலாயி சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸைக் கவிழ்த்தாள்.

“எங்கடி எழுத்து?”

“அந்தக் கணக்கா? அழிச்சுட்டேன். கஷ்டப்பட்டுத்தான்…”

“அது கணக்கு இல்லடி, மேல்கணக்கு! பேச்சியோட விலாசம்டி அது!”

தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவை அங்கே கணக்கு என்பார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? — தெரியாததைக் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

பேச்சியம்மா அவள் சிநேகிதி. இவர்கள் இங்கே கிளம்பிய அன்றே பேச்சி வீட்டார் வேறு தோட்டத்துக்குப் போனார்கள். ஸ்டேஷனில் காகிதம் இல்லாமல் பேச்சி கொண்டை ஊசியால் கீறிக் கொடுத்தாள். இத்தனை நாள் முகாம், அப்புறம் யார் யார் வீடோ. பதில் வர இவளுக்கு ஒரு விலாசம் இல்லை. போன வாரம்தான் இங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், சொந்தமாக வீடு கிடைத்தது. இந்த வாரம் கடிதம் எழுதுவதாக இருந்தாளாம்.

பதுளைப் பக்கம், மேல்கணக்கு. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் இங்கிலீஷ், வாயில் நிற்கவில்லையாம்.

வேலாயி கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

பென்சில் தூளைத் தடவிப் பார்த்தேன். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. நான் அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா தோட்ட ஆபீஸில் கிளார்க். “லயத்துப் பக்கம் உனக்கென்ன கண்ணு வேலை?” என்றார். நடந்ததைச் சொன்னேன். குடையை எடுத்துக் கொடுத்தார்.

நோட்டுடன் லயத்தில் சிலோனிலிருந்து வந்தவர்களின் வீடு வீடாகப் போய், பதுளைப் பக்கத்தில் மேல்கணக்கு உள்ள தோட்டம் எது என்று கேட்டேன்.

“மேல்கணக்கு இல்லாத தோட்டமா?” என்று சுப்பம்மாக்கா சிரித்தார். “அது தலையில்லாத ஆளு மாதிரியில்ல இருக்கும்! எழுதிக்க பாப்பா.” ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். கடைசியில் ஏழு பெயர் தேறின.

வேலாயி குழாயடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான் ஒரு பெயரைச் சத்தமாகப் படித்தபோது திரும்பாமலே சொன்னாள்: “‘டெ’ இல்ல, ‘டி’.”

ஆறு நாளில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

ஆகஸ்ட் 2, சனி

ஏழு விலாசத்துக்கும் ஏழு கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கை கழன்றுவிடும் போலிருக்கிறது. அதற்கு முளையும் இல்லை, ஊசியும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜீப்பின் சீட்டைப் பொருத்தினேன். அடியில் ஒரு பென்சில் கிறுக்கல் இருந்தது. தொடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒரு கடிதம் திரும்பி வந்துவிட்டது. வேலாயி பட்டியலில் அந்தப் பெயரை அடித்தாள். என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 20, சனி

பதில்! அனுப்பியவர்: பேச்சியம்மா, மேல்கணக்கு. அப்பாவின் ஆபீஸ் வாசலில் நின்றபடியே வேலாயி பிரித்தாள். முதல் வரியிலேயே முகம் விழுந்தது. நாலாவது வரியில் சிரித்துவிட்டாள். என்னிடம் நீட்டினாள்.

“நீ தேடும் பேச்சியம்மா நான் இல்லை மகளே. எனக்கு அஞ்சு பிள்ளைகள். மூத்தவள்தான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். லயமே கூடி நின்று கேட்டது. உன் சிநேகிதியை இங்கே எல்லாக் கணக்கிலும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். என் தங்கச்சி பொன்னாயியும் உங்களைப் போலக் கப்பலேறிப் போனவள்தான். பந்தலூர்ப் பக்கம் என்கிறார்கள், விலாசம் இல்லை. இடது புருவத்தில் தழும்பு இருக்கும். நீயும் கொஞ்சம் விசாரிப்பாயா?”

“பந்தலூர்ல எத்தனை பொன்னாயிடி இருப்பாங்க?” என்றாள் வேலாயி.

நாளை காலை எட்டு மணிக்குப் பந்தலூர் பஸ். வேலாயியின் அம்மாவும் எங்களுடன் வருகிறார். புது நோட்டின் முதல் பக்கத்தில் ‘இடது புருவம்’ என்று எழுதி, வேலாயியிடம் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டேன்.