நீ எண்ணிய மூன்றாவது கை

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதலில் செய்த காரியம் அந்தப் பெட்டியைத் திறந்ததுதான். உன்னுடைய பழைய நீச்சல் கண்ணாடிப் பெட்டி. நீல பிளாஸ்டிக், மூடியைச் சுற்றிப் பழுப்பேறிய செல்லோடேப். மூன்று நாளாக அதைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். கத்தி முனையால் டேப்பைக் கிழித்தபோது ஒரு வாடை எழுந்தது. குளோரின் என்று சொல்லத்தான் ஆசை. இருபத்தைந்து வருடம் கழித்து குளோரின் எங்கே இருக்கப்போகிறது? இளகிப்போன ரப்பரின் வாடை, அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கண் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா அலமாரில இருந்துச்சு ஆன்ட்டி. மேல உங்க நாலு பேர் பேரும் எழுதியிருக்கு. நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான்கு சீட்டுகள்.

எந்தப் போட்டிக்கு முன்னாலும் கல்லூரி நீச்சல் அணியில் இருந்த நாம் நால்வரும் முடிவைக் கணித்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, அந்தப் பெட்டியில் போடுவோம். போட்டி முடிந்ததும் பிரித்துப் படிப்போம். யாருடைய கணிப்பு ரொம்பத் தப்போ, அவள் எல்லாருடைய ஈரத்துணிப் பைகளையும் பஸ் ஸ்டாண்டு வரை சுமக்க வேண்டும். பெரும்பாலும் ஸ்டெல்லாதான் சுமப்பாள். ஹேமா பின்னாலிருந்து அதட்டிக்கொண்டே வருவாள். அந்தக் கடைசிப் போட்டியின் சீட்டுகளை மட்டும் நாம் பிரிக்கவேயில்லை.

தேசியப் போட்டிக்கு யார் போவது என்பதற்கான ரிலே அது. நம் கல்லூரியா, எதிர்க் கல்லூரியா. ஜெயிக்கிற நால்வருக்கு ரயில் டிக்கெட். ஒரு மாதமாக இரண்டு கல்லூரி கேன்டீனிலும் அதே பேச்சு. மற்ற மூவருக்கும் அது பெருமை. உனக்கு மட்டும் வேலை. போலீஸ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மனுப் போட உனக்குத் தேசியப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நீ குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் என்பதால் கடலில் நீந்தி வளர்ந்தவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். "எங்க வூட்டுல பொண்ணுங்கள கடல்ல எறங்கவே வுட மாட்டாங்க. நான் கத்துகிட்டது சர்க்கார் தொட்டிலதான்" என்பாய். என் அப்பா அந்த நீச்சல் குளத்தைக் கடைசிவரை பிரெஞ்சில் 'பிசீன்' என்றே சொன்னார். அதைக் கேட்டுவிட்டு நீயும், "இன்னாடி, பிசீனுக்குப் போலாமா?" என்று என்னைக் கிண்டல் செய்வாய். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போன எதிர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஏய், நாலாவது ஆளு வந்தாலே தண்ணியில மீன் வாசன வருது" என்று கத்தினாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ சிரித்தாய். "ஆமாடி, முன்னால போறவ வாசன பின்னால வர்றவளுக்குத்தான் வரும்!" அவள் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டாள்.

நான் மூன்றாவது, நீ நான்காவது. என் கை சுவரைத் தொட்ட பிறகே உன் கால் மேடையை விட்டுக் கிளம்பலாம். தொடுவதைப் பார்த்துவிட்டுக் குதித்தால் அரை நொடி போய்விடும். அதனால் நீ என் கைவீச்சை எண்ணிக் குதிப்பாய். சுவருக்குச் சற்று முன்னால் குளத்தின் குறுக்கே கொடிக் கயிறு தொங்குமே, அதைத் தாண்டினால் மூன்று கை. மூன்றாவது கை சுவரில். அந்த மூன்று வீச்சுக்கு நான் மூச்சு எடுக்கக் கூடாது, தலையைத் தூக்கவே கூடாது. எனக்கோ பக்கத்து லேனைப் பார்க்கும் வியாதி. பயிற்சியில் எத்தனை முறை திட்டியிருப்பாய். "பக்கத்துல எவ வந்தா உனக்கு இன்னாடி? தலைய உள்ள வெய்யி. மீதிய நான் பாத்துக்கறேன்."

அன்று கயிற்றைத் தாண்டினேன். ஒன்று. இரண்டு. தலையைத் தூக்கிவிட்டேன். பக்கத்து லேன் பெண் எனக்கு முன்னால் போய்விட்டாளா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்றாவது கை சுவரை எட்டவில்லை. நான்காவதாக ஒரு கையை நீட்டும்போது, உன் உள்ளங்கால்கள் என் தலைக்கு மேலே வெள்ளையாகப் பறந்து போயின.

நீ எப்படி நீந்தினாய்! ஓர் உடல் நீளம் முன்னால் வந்து சுவரைத் தொட்டாய். ஹேமா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அப்புறம் நடுவர் கையை உயர்த்தினார். நான்காவது நீச்சல்காரி முன்கூட்டியே குதித்ததால் நம் அணி தகுதி நீக்கம்.

"ஒரு செகண்டு பொறுக்க முடியலையா உனக்கு? நாலு பேர் வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று பி.டி. மேடம் கத்தினார். நீ சொட்டச் சொட்ட நின்றாய். மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு, கரெக்டாதான வந்த?"

"எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். நான் தண்ணிக்குள்ள இருந்தேன்."

நீ என்னை ஒரே ஒரு முறை பார்த்தாய். நான் துண்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். துண்டு என் தோளில்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு நீ நேரு வீதித் துணிக்கடையில் பதினெட்டு வருடம் நின்றாய். உன் கல்யாணத்துக்கு வந்தேன், உன் மகளின் காதுகுத்துக்கு வந்தேன், புடவை எடுக்க உன் கடைக்கே வந்தேன். நாம் எல்லாவற்றையும் பேசினோம். பழைய தோழிகள் கூடினால், "இவ மட்டும் அன்னிக்குக் குதிக்காம இருந்திருந்தா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நீயும் சிரிப்பாய். "எனக்கு எப்பவும் அவசரந்தான்" என்பாய். நான் காபியை ஆற்றிக்கொண்டிருப்பேன். போன ஐப்பசியில், நீ இறப்பதற்குச் சில நாள் முன்னால், உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "அன்னிக்கு ரிலேல..." என்று தொடங்கினேன். "அத வுடு" என்றாய். "பொண்ணு நீச்சலுக்குப் போறா. ஒரு கண்ணு வெச்சுக்க." விட்டுவிட்டேன். விடச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று சீட்டுகளைப் பிரித்தேன். ஹேமா 'முதல்' என்று எழுதி ஒரு கிரீடம் வரைந்திருக்கிறாள். ஸ்டெல்லாவும் முதல் இடம்தான். என்னுடையதைப் படிக்கக் கூசியது. 'நாம ரெண்டாவது. அவங்க மூணாவது ஆளு என்னைவிட வேகம்.' தண்ணீரில் இறங்குமுன்பே நான் தலையைத் தூக்கியிருக்கிறேன்.

உன்னுடையது பென்சிலில் இருந்தது. மங்கினாலும் படிக்க முடிந்தது. 'நாமதான் ஒண்ணாவது. இன்னிக்கு அவ தலையத் தூக்க மாட்டா.'

அப்படியானால் உனக்கு எல்லாம் தெரியும். உன் கணிப்பு எங்கே பிசகியது என்று குளத்தைவிட்டு ஏறும்போதே தெரிந்திருக்கும். இந்தச் சீட்டை அன்றே மேடத்திடம் நீட்டியிருக்கலாம். டேப்பைச் சுற்றி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டாய்.

உன் மகளும் இப்போது நான்காவதாகத்தான் நீந்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னாள்: "என்னை மாத்தப் போறாங்க ஆன்ட்டி. குதிக்க லேட் பண்றேனாம். எல்லாரும் அம்மா கதையச் சொல்லி, அதுமாதிரி பண்ணிடாதங்கறாங்க. அதான், கை சுவர்ல பட்டத கண்ணால பாத்துட்டுத்தான் குதிக்கிறேன்." அடுத்த வாரம் அவளுடைய அணி தேசியப் போட்டிக்குக் கிளம்புகிறது. நான்காவது யார் என்பது சனிக்கிழமை முடிவாகும். நீ செய்யாத தவறுக்குப் பயந்து அவள் அந்த மேடையில் காத்து நிற்கிறாள்.

வீட்டில் சொல்லவில்லை. ஹேமாவிடமோ ஸ்டெல்லாவிடமோ சொல்லவில்லை. நாளை மாலை பயிற்சிக்கு முன்னால் குளத்துக்குப் போகப்போகிறேன். கைப்பையில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. என்னுடையதை முதலில் படிக்கச் சொல்வேன், பிறகு உன்னுடையதை. நடந்ததை முழுதாகச் சொல்வேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போது, இந்த முறை நான் குனிய மாட்டேன்.