முன்பாதி மட்டும் போதுமாம்

என் பிரியத்துக்குரிய மாப்ளே செபாஸ்டின்,

உன் அம்பாசிடரை உன் வீட்டில் விலை பேசினார்கள். வாங்க வந்தவர் பைபாஸ் ரோட்டில் புதிதாகப் பிரியாணிக் கடை திறக்கிறார். அவருக்கு வண்டியின் முன்பாதி மட்டும் போதுமாம். நடுவில் அறுத்து, ஹெட்லைட்டும் பானெட்டுமாகக் கடைச் சுவரில் பதித்து, சாப்பிட வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வசதி செய்வாராம். பின்பாதி பழைய இரும்புக்கு.

இது என் காதுக்கு வந்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை லாரி வரும் என்றார்கள். அதற்குப் பிறகு கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பூட்டு கேட்டவருக்கு பீரோப் பூட்டை எடுத்து நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

உன் வீட்டுக்காரி லூர்து மெஷினில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"வாங்கண்ணே. எதுக்கு வந்தீகன்னு தெரியும்."

"என்ன தாயி இப்புடிப் பண்ணிட்ட?"

"ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே ஒரு ஷெட்டு? எனக்கு அங்கிட்டு இன்னும் ரெண்டு மெஷின் போடணும். சின்னாளபட்டிச் சேலைக்காரங்க பிளவுஸ் தச்சுத் தரச்சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்காக. எடம் இல்லாம திருப்பி அனுப்புறேன்."

நியாயமான பேச்சு. யாபாரி எனக்கு அது புரியாதா? நானே வாங்கிக் குடோனில் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது அவளுக்கு.

"அங்க கொண்டுபோயித் துருப்பிடிக்க விடுறதுக்கா? அதுக்குப் பிரியாணிக் கடையிலயாச்சும் நாலு பேரு பாப்பாக. இந்தச் சக்களத்தி செத்துக் கிடக்குறத என்னால தெனமும் பாக்க முடியலண்ணே. ஓட்டிக் காட்டுங்க, யோசிக்கிறேன்."

நீ இருக்கும்போதும் அவள் அந்த வண்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அப்போது சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை நீ டைனமோவைக் கழற்றி எறிந்தாய். அல்டர்னேட்டர் போட்டால் இன்ஜின் ஓட வண்டி சும்மா நிற்கும்போதும் பேட்டரி நிறையும், ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி அழாது என்று எத்தனை நாள் என் காதைக் கடித்தாய்? மாட்டியும் விட்டாய். டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர்களையெல்லாம் பிரித்துத் தொங்கப் போட்டுவிட்டு, "மிச்சத்த அடுத்த வாரம் சேப்போம்" என்று கை கழுவிச் சாப்பிட்டுப் படுத்தாய். எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் என்று எந்தத் தைரியத்தில் சொன்னாய் மாப்ளே?

வெள்ளிக்கிழமை முழுவதும் என் பங்கு வேலையைச் செய்தேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி ஜெட்டை ஊதி மாட்டினேன். பெட்ரோல் பம்பின் ரப்பர் விறைத்துப் போயிருந்தது, மாற்றினேன். டேங்க்கை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். எல்லாம் முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. சரியாக இருந்த கார்புரேட்டரை மறுபடியும் பிரித்தேன். எதைத் தள்ளிப்போடுகிறேன் என்பது எனக்கே தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தேன். குனிந்து பார்த்தவன், "இதென்ன சார், தேர்ச்சீலை மாதிரி நூலாத் தொங்குது? மொத்தத்தையும் அத்து எறிஞ்சிட்டுப் புதுசா ஒரு செட்டு இழுத்துருவோம்" என்று கட்டிங் பிளேயரை உள்ளே விட்டான்.

"கைய எட்றா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. "ஏன் சார் கத்துறீங்க?" என்றான். வந்த கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

அது நீ கட்டிய நூல். பழைய ஒயரெல்லாம் எண்ணெயும் அழுக்கும் ஏறி ஒரே நிறமாகிவிட்டது என்று, பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் நூல் கட்டி வைத்தாய். ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு சேர்த்தால் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்துவிடும். என்னால் முடியாது என்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாபகம் இருக்கிறதா? நாம் சேர்ந்து வண்டி பார்க்க ஆரம்பித்த புதிதில் பின் லைட்டுக்கு நான் ஒயர் சேர்த்தேன். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு எருமைக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறது. எருமை நகரவில்லை, போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பயத்தில் மறுபடியும் பிரேக்கை மிதிக்க, மறுபடியும் ஹாரன். வீடு வரைக்கும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீட்டில் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்த பிறகு உன் சிரிப்பு நின்றது. இரண்டு ஒயர்களை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாய்.

"இது என்ன கலரு? இது என்ன கலரு?"

"ரெண்டும் ஒண்ணுதானடா."

ஒன்று சிவப்பாம், இன்னொன்று பச்சையாம். நீ வாத்தியார், விளக்கம் சொல்லுவாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "சரி மச்சான், இனிமே பெட்ரோல் ஒனக்கு, கரண்டு எனக்கு. ஒருத்தன் வேலையில ஒருத்தன் கை வைக்கக் கூடாது" என்றாய். அதோடு சரி. குடித்தபோதுகூட யாரிடமும் நீ அதைச் சொன்னதில்லை.

நான் ஏன் பூட்டு யாபாரத்துக்கு வந்தேன் என்று நினைக்கிறாய்? பூட்டுக்கு நிறம் வேண்டாம். கையில் வைத்தால் பித்தளையா இரும்பா என்று எடையே சொல்லிவிடும். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. சந்தையில் இதைத் தெரிந்துகொண்டால் நாளைக்கு எவன் எதை என் தலையில் கட்டுவான் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை காலையிலும் போனேன். காரின் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த நூல்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். காபி கொண்டுவந்த லூர்து கதவோரம் நின்றாள்.

"என்னண்ணே, தூங்குறீகளா?"

ஒரு நாள்தான் மிச்சம். ரம்பத்துக்கு வெட்கம் மானம் தெரியாது. வாயைத் திறந்தேன்.

"தாயி, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்து. இந்த நூல நீதான் பாத்துச் சொல்லணும்."

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அண்ணிக்குப் பச்சைச் சேலைக்குச் செங்கல் கலர்ல பிளவுஸ் துணி வாங்கியாந்தீகளே, அது?"

"அது பச்சை இல்லையா?"

"அட பாவமே! மலிவாக் கெடச்சுச்சுன்னு வாங்கியிருப்பீகன்னு நெனச்சேன். இம்புட்டு வருசமா ஒங்களக் கஞ்சன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனேண்ணே!"

சிரித்தாள் மாப்ளே. நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். சிரித்துக்கொண்டே குனிந்தவள், நூல்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என் நூலு."

அவள் நூல்கண்டுகளிலிருந்துதான் நீ உருவியிருக்கிறாய். அந்த மாசம் முழுக்க நூல் குறைகிறது, குறைகிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தாளாம். "கேட்டாக் குடுத்திருக்க மாட்டேனா இந்த மனுசனுக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையைச் செருகினாள்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். நான் சிவப்பு, பச்சை என்று கேட்கிறேன். அவளிடம் அப்படி நிறமே இல்லை. அரக்கு என்கிறாள், வெங்காயக் கலர் என்கிறாள், கிளிப்பச்சை வேறு, பாட்டில் பச்சை வேறு என்கிறாள். எனக்கு எல்லாம் சேறு. அவள் இரண்டு முனைகளைச் சேர்த்து நீட்டுவாள், நான் முறுக்கி டேப் சுற்றுவேன். நூலை அவிழ்க்கவில்லை. டேப்புக்கு வெளியே தெரியும்படி விட்டுவிட்டேன்.

கடைசியில், ஊதா என்று லூர்து சொன்ன நூல் கட்டிய ஒரு முனை மட்டும் மிஞ்சியது. அதற்கு ஜோடி இல்லை. முன்னாலும் பின்னாலும் தேடிப் பார்த்தோம். எதற்காக அதை விட்டு வைத்தாய்? புதிதாக என்ன மாட்டுவதாக இருந்தாய்? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கையை மறுபடியும் உள்ளே விட்டேன். லூர்து, "விடுங்கண்ணே, அது அவரு வேலை" என்றாள்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோக்கை இழுத்து, செல்ப் எடுத்தேன். இருமியது, நின்றது. மறுபடியும் எடுத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் சோம்பல் முறிப்பாயே, அந்தச் சத்தம் மாதிரி ஒன்று கிளம்பி, ஷெட் கூரைத் தகரம் அதிர ஓட ஆரம்பித்தது. எனக்கு உடனே பிரேக்கை மிதிக்கப் பயம். மிதித்தேன். ஹாரன் அடிக்கவில்லை.

"தாயி, பின்னாடி லைட்டு எரியுதா?"

"எரியுதுண்ணே."

கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலே சொன்னாள்: "சிவப்புண்ணே. நல்ல சிவப்பு."

பிரியாணிக் கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பேச்சுதான் நடந்திருந்தது, அட்வான்ஸ் வாங்கியிருந்தால் என் நாக்கு நீளாது. பழைய இரும்புக் கடை ஒன்றில் இன்ஜின் இல்லாத அம்பாசிடர் கிடந்ததைக் காட்டி முடித்துக் கொடுத்தேன். கமிஷனாக ஒரு பிரியாணி. உப்புக் கொஞ்சம் தூக்கல்.

பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், நாளைக்கு நான் மாற்றிப் பேசினால் நீ கேட்க வேண்டும். ஷெட் லூர்துவுக்கு. வண்டிக்கு என் குடோனில் வாசல் பக்கத்து இடம், அங்கிருந்த பூட்டுப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. வண்டி அவளுடையது, சாவியும் அவளிடம். வாரம் தவறாமல் ஓட்டியாக வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் வருவாள். பெட்ரோல் எனக்கு, கரண்டு அவளுக்கு, ஒருவர் வேலையில் ஒருவர் கை வைக்கக் கூடாது. அந்த ஊதா நூலை இருவருமே தொடக் கூடாது.

இதில் ஒன்றும் தவறாது.

உன் மச்சான்,
பூட்டுக்கடை தங்கராசு