தோள் இறங்காத சட்டை

மார்ச் 4

காலையில் இரண்டு பேன்ட் வெட்டினேன். மதியம் தையல் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரி. அக்காவின் ஈரல் சுருங்கிப்போய்விட்டது, யாராவது ஒருத்தர் பாதி ஈரல் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று சொன்ன அன்றே நான் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் மார்தட்டியிருந்தேனே, அதற்கான ரத்தப் பரிசோதனை முடிவு இன்று. அன்றைக்குத் தங்கச்சியும் தருகிறேன் என்றாள். "பால்குடி மறக்காத பிள்ளையை வச்சுக்கிட்டு நீ பேசாம இரு. அண்ணன்னு நான் எதுக்கு இருக்கேன்?" என்று அவள் வாயை அடைத்ததும் நான்தான்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். ஈரல் பூராவும் கொழுப்பாம். "இதை வெட்டிக் குடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் பிரயோஜனமில்லை." எடையைக் குறைக்க இரண்டு மாதம் தந்திருக்கிறார். ஆனால் எடை மெஷினை மட்டும் நம்ப மாட்டாராம். ரத்தக் கொழுப்பு, ஈரல் என்சைம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, இடுப்புச் சுற்றளவு எல்லாம் சேர்ந்து இறங்க வேண்டுமாம்.

நர்ஸ் டேப்போடு வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். நாற்பத்திரண்டு அங்குலம். முப்பத்தாறு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்கு எப்படித் தெரியும்? பேன்ட் இறுக்கினால் உள்மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். மற்றவர்களாவது கடைக்கு வந்து "கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன் மாஸ்டர்" என்று அசடு வழிய வேண்டும். எனக்கு அந்த வெட்கம்கூட வாய்த்ததில்லை.

மார்ச் 6

டீயில் சர்க்கரை இல்லை. வாழ்க்கையிலும் இல்லை.

மார்ச் 13

இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். மனைவி தினமும் சோற்றைக் கிண்ணத்தில் அளந்துதான் போடுகிறாள். அவளும் அதே கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறாள். "உங்களுக்குத் துணைக்கு" என்கிறாள். அவளுக்கு எதற்கு இந்தத் தண்டனை?

மார்ச் 19

கடைக்கு அடுத்த கடை பேக்கரி. நாலு மணிக்கு க்ரீம் பன் அடுப்பிலிருந்து வரும். இன்று ஒன்று. ஒன்றுதானே.

மார்ச் 22

மூன்று. மெஷினுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. வாயைத் துடைக்க வெட்டுத்துணி. வீட்டுக்குப் போய்க் கிண்ணச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பசியில் வாடினவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். சீ.

பேக்கரிக்காரர் கேட்கிறார்: "என்ன மாஸ்டர், டயட்னு சொன்னாங்க?" வாடிக்கையாளருக்கு என்று சொன்னேன். வாய் கூசாமல் வருகிறது பொய்.

மார்ச் 30

இன்று செய்ததை எழுதவா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சட்டை தைத்தேன். எனக்கு. உடம்புச் சுற்றளவில் நாலு அங்குலம் கூடுதலாக விட்டு, தோளை மட்டும் என் அளவுக்குச் சரியாக வைத்து. தோளும் பெரிதாக இருந்தால் இரவல் சட்டை மாதிரி தெரியும், அதனால். வழக்கமாக என் கடையில் பட்டன் துளைக்குக் காஜா போடுவதும் பட்டன் வைப்பதும் அக்கா கைவேலை. இதற்கு நானே போட்டேன், அவள் கண்ணில் படக்கூடாதே.

போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு நீர் கோத்து உப்பியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "என்னடா இப்படி எளச்சுட்ட? எனக்காகப் பட்டினி கிடக்கிறியா?" பக்கத்தில் கூப்பிட்டுச் சட்டையை இழுத்துப் பார்த்தாள். தொளதொளவென்று கையோடு வந்தது. தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வரும் வழியில் பேக்கரி திறந்திருந்தது. நுழைந்தேன்.

ஏப்ரல் 9

ஏன் இப்படிச் செய்கிறேன்? பசியா? பசி இல்லை. நாலு மணிக்கு எனக்குப் பசிப்பதே இல்லை.

எழுதிவிடுகிறேன். எனக்குப் பயம். வயிற்றைக் கீறி உள்ளே கை விடுவதை நினைத்தாலே ஈரக்குலை நடுங்குது. நான் குண்டாயிருக்கிற வரைக்கும் கத்தி கிடையாது. ஒவ்வொரு பன்னுக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். அதுதான்டா விஷயம். தெரிஞ்சேதான் தின்னுருக்கே.

மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அது ஒரு மனுஷன் பேச்சு.

ஏப்ரல் 21

பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை அருமையாக வந்தது. மூன்றரைக் கிலோவும் குறைந்திருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மூன்று மாதச் சராசரி ஏறியிருக்கிறது. ஈரல் என்சைம் முன்னைவிட மோசம். ஸ்கேனில் கொழுப்பு அப்படியே. இடுப்பு அதே நாற்பத்திரண்டு.

"ரெண்டு நாள் பட்டினி கிடந்தீங்களா?"

தலையாட்டினேன்.

"நேத்து சாப்பிடாதது இதுல தெரியும். மூணு மாசமாச் சாப்பிட்டது இதுல தெரியும்" என்று இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் மனைவி. கிண்ணச் சோறு தின்று கன்னம் ஒட்டிப்போன மனைவி. அவள் அந்தத் தாளைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 27

அக்கா ரத்த வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இனி காத்திருக்க முடியாதாம்.

ஏப்ரல் 29

தங்கச்சி என்னைக் கேட்கவே இல்லை. தானே போய் ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, முடிவோடு வந்து நின்றாள். எல்லாம் சுத்தம். "நீ மனசை விட்டுடாதண்ணே. உன் உடம்புவாகு அப்படி, நீ என்ன பண்ணுவ?"

உடம்புவாகு! அதை மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மே 2

அக்காவிடம் சொல்லிவிட்டேன். பன், பயம், சட்டை, எல்லாம்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்கே தெரியும்டா. ஆள் எளச்சா சட்டை முதல்ல தோள்லதான் இறங்கும். உன் தோள்ல தையல் கச்சிதமா நின்னுச்சு. எத்தனை வருஷம் உன்கிட்ட காஜா போட்டிருக்கேன், இதுகூடவா தெரியாது?"

"அப்பவே கேட்டிருக்கலாம்லக்கா?"

"எப்படிக் கேப்பேன்? உன் வயித்தைக் கிழிச்சு எனக்குக் குடுடான்னா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "போய்ச் சின்னவகிட்டயும் சொல்லிரு. அவ தெரிஞ்சுக்கிட்டுப் படுக்கட்டும்."

சொன்னேன். தங்கச்சி அழவில்லை. "பாப்பாவை நீயும் அண்ணியும் பாத்துக்கங்க" என்றாள், அவ்வளவுதான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

மே 10

நேற்று ஆபரேஷன். இருவரும் கண் விழித்துவிட்டார்கள்.

மே 13

தங்கச்சி மகள் எங்கள் வீட்டில். ஒரே நாளில் பாலை நிறுத்தியிருக்கிறார்கள். என் மார்பில் முகத்தை வைத்துத் தேடுகிறது. கிடைக்காமல் வீறிடுகிறது. தூக்கிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தேன். எதிரில் வந்தவர் "பேத்தியா?" என்றார். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

ஜூன் 1

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தினமும் இரண்டு வேளை நடை. நாலு மணிக்குக் கடையில் இருப்பதில்லை. கிண்ணச் சோற்றை நானே அளந்து போட்டுக்கொள்கிறேன். மனைவி இப்போது வயிறாரச் சாப்பிடுகிறாள். பேசவும் ஆரம்பித்திருக்கிறாள், காய் விலை பற்றி மட்டும்.

ஜூலை 24

பரிசோதனைக்குப் போகிறேன் என்றதும், "இப்ப யாருக்குங்க இந்த டெஸ்ட்?" என்றாள் மனைவி. போய் ரத்தம் கொடுத்தேன். முந்தின நாள் பட்டினி கிடக்கவில்லை.

மாலையில் முடிவு வந்தது. என்சைம் சரி. ரத்தக் கொழுப்பு பாதியாகிவிட்டது. சர்க்கரைச் சராசரி எல்லைக்குள். இடுப்பு முப்பத்தெட்டு. "இந்த ஈரலை நான் தாராளமா எடுத்துக்குவேன்" என்று சிரித்தார் டாக்டரம்மா. நல்ல மனசோடுதான் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

அக்கா இன்று கடைக்கு வந்தாள். மஞ்சள் போய்விட்டது, பழைய கேலியும் திரும்பிவிட்டது. கூடவே தங்கச்சி, பாப்பாவை நடத்திக்கொண்டு. இன்னும் தூக்கக் கூடாதாம். தழும்பில் உரசுகிறது என்று நாலு பாவாடையைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இடுப்புப் பட்டியைப் பிரித்து மெத்தென்ற துணி வைத்துத் தைக்கச் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள், அக்காவைப் பார்த்துக்கொண்டு.

குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து என் தோளில் கை வைத்தாள். அதே சட்டை.

"இறங்கியிருக்குடா" என்றாள். "கழட்டிக் குடு, தோளைப் பிடிச்சுத் தைச்சுத் தரேன்."

"வேணாம்க்கா. இருக்கட்டும்."

மே மாதம் இறங்கியிருக்க வேண்டிய தோள்.

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றில் கையை வைத்தபடி, மெதுவாக, "குடுத்துருண்ணே" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். அக்கா தையலைப் பிரித்து முடிக்கிற வரைக்கும் பனியனோடு, கீறல் இல்லாத என் வயிற்றோடு, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.